பெட்டிக்குள் பின்தங்கிய மணி

ஹெப்சி சங்கரன்கோவில் வீட்டில் இருந்துகொண்டே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்த்தாள். சொகுசு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன? அவள் அம்மா சுந்தரபாய்க்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. புரட்டிப் படுக்க வைக்க மகளை விட்டால் ஆள் கிடையாது.

ஆஸ்பத்திரிக்கு பில் போடும் சாப்ட்வேரை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வதுதான் ஹெப்சியின் வேலை. லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல ஒரு ஏற்பாடு உண்டு. விர்ச்சுவல் மிஷின் என்பார்கள். அதற்குள் அந்த சாப்ட்வேர், தனக்கு வேண்டிய சாமான்களோடு கட்டிய பொட்டலமாக ஓடும். அதற்குப் பேர் கன்டெய்னர். எங்கே பிரித்தாலும் ஒரே மாதிரி இருக்கும் என்பது அதன் பெருமை. ஹெப்சியிடம் மட்டும் அந்தப் பெருமை பலிக்கவில்லை. காலையில் சரியாக இருந்த பில்லில், மத்தியானம் நேரம் பின்தங்கிக் கிடந்தது.

மீட்டிங்கில் சொன்னாள். மானேஜர் ராஜதுரை பக்கத்துப் புளியங்குடிக்காரர்தான். சென்னைக்குப் போனதும் பேச்சை மாற்றிக்கொண்டவர்.

"எங்க மிஷின்ல கரெக்டா இருக்கே. உங்க ஊர்ல கரண்ட் போயிருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள்.

"லேப்டாப்புல பேட்டரி இருக்குல்லா சார். ஏன், புளியங்குடியில கரண்டே போகாதாக்கும்?"

அதற்கும் சிரித்தார்கள். ராஜதுரை சிரிக்கவில்லை. "இந்த வாரத்துக்குள்ள காரணம் சொல்லுங்க. இல்லேன்னா சென்னை வந்து ஆபீஸ் மிஷின்ல உக்காருங்க."

ஹெப்சி எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் விளங்கவில்லை.

"ஏட்டி, முதுகு காந்துதுட்டி" என்று அம்மா கூப்பிட்டாள். ஹெப்சி லேப்டாப்பை மூடிவிட்டுப் போய், அம்மாவைப் புரட்டி, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டுவிட்டு வந்து திறந்தாள். லேப்டாப்பின் மணி சரியாக இருந்தது. உள்ளே இருந்த விர்ச்சுவல் மிஷினின் மணியோ, மூடிய இடத்தில் விட்டதைத் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. பில்லில் விழுவது அந்த மணிதான். மறுபடி மூடித் திறந்தாள். இன்னும் பின்தங்கியது.

ஆபீசில் விசாரித்தாள். அங்கே இருந்தது அந்த விர்ச்சுவல் மிஷின் சாப்ட்வேரின் பழைய வெர்ஷன், இவளிடம் புதியது. பழையதைத் தன் லேப்டாப்பில் போட்டாள். திறந்ததும் மணியைத் தானே சரிசெய்துகொண்டது. மறுபடி புதியதைப் போட்டதும், பழைய குருடி கதவைத் திறடி என்று மணி பின்தங்கியது. கோளாறு ஊரில் இல்லை, கரண்டில் இல்லை. அந்த வெர்ஷனில் இருந்தது. ஆளுக்கொரு வெர்ஷன் இருப்பதையும் சேர்த்து எழுதி அனுப்பினாள்.

ராஜதுரையும் ஆபீசில் புதியதைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "நீங்க சொன்னதுதான் சரி. மேல அப்படியே அனுப்பிட்டேன்."

"ஸ்தோத்திரம்" என்றாள் சுந்தரபாய். அன்றைக்கு அம்மாவின் காப்பியில் சீனி கூடுதலாக விழுந்தது.

மறுவாரம் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. ஆளுக்கொரு வெர்ஷன் இருப்பதே பிழைக்குக் காரணம் என்று ஹெப்சி எழுதியதையே முதல் வரியாகப் போட்டு, இனி எல்லாரும் ஆபீஸ் மிஷினில்தான் வேலை பார்க்கவேண்டும், வீட்டிலிருந்து பார்ப்பது கிடையாது என்று முடித்திருந்தார்கள்.

உடனே ராஜதுரையைக் கூப்பிட்டாள். "சார், ஒரே வெர்ஷனை இங்கன இருந்தே போடலாமே. போட்டும் காட்டுனேன்லா?"

"போடலாந்தான்." திடீரென்று அவருக்கு ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "நான் என்ன செய்ய? மேல உள்ளவங்க முடிவு பண்ணிட்டாவ. அம்மையையும் இங்க கூட்டிட்டு வந்திருங்களேன்."

"ரயில்ல தூக்கி ஏத்த நீங்க வாரீங்களா, அண்ணாச்சி?"

ஹெப்சி போனை வைத்தாள்.

"என்னட்டி சொல்லுதான்?"

"நான் சொன்னது சரின்னு சொல்லுதாங்க."

"பின்னே? எம்மவ கெட்டிக்காரில்லா."

ஹெப்சி லேப்டாப்பை மூடினாள். அம்மாவைப் புரட்டுகிற நேரமாகியிருந்தது.