துணைக்கு வந்தவர் பெயர்

கண் ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் கனெக்‌ஷன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஓர் அறை. நோயாளியின் பெயர், கண்ணின் நிலை, ஆபரேஷன் நாள் என்று ஆஸ்பத்திரியின் மொத்த டேட்டாபேஸையும் அங்கே உட்கார்ந்து கட்டி மேய்ப்பது அவர் வேலை. வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை. அவருக்குப் பதிலாக வருத்தப்படும் பொறுப்பை அண்ணி ஏற்றுக்கொண்டிருந்தார். வாரம் தவறாமல் போன் செய்து, "இப்படித் தனியா இருக்கியே, நாளைக்கு ஒண்ணுன்னா யாரு இருக்கா?" என்பார். "நாளைக்கு ஒண்ணுன்னா நாளைக்குப் பார்த்துக்கலாம் அண்ணி," என்று போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அக்கா வேலையைத் தொடர்வார்.

கோளாறு எதுவானாலும் அக்காவுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கனெக்‌ஷன்: கவுன்ட்டரில் இருக்கும் கம்ப்யூட்டர் டேட்டாபேஸோடு பேசுகிறதா இல்லையா. அடுத்தது குவரி: கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டிருக்கிறோமா. கடைசியில்தான் ஃபங்ஷன், அதாவது தினமும் செய்யும் வேலையை ஒரு தடவை எழுதி உள்ளே வைத்துவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் செய்துகொடுக்கும் கட்டளைகள். பாதி நாள் முதல் படியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். பெரிய டாக்டர் ஒரு நோயாளியின் விவரத்தைத் திருத்த ஆரம்பிப்பார். சேமிக்காமலே டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். அவர் பிடித்துவைத்ததை விடும்வரை மற்ற கவுன்ட்டர்கள் சிலையாக நிற்கும். அக்கா நேரே கேன்டீனுக்கே போவார். "டாக்டர், போனை எடுத்துக் காதுல வச்சுக்கிட்டுப் பேசாம இருந்தா எப்படி? ஒண்ணு பேசுங்க, இல்ல வச்சுடுங்க," என்பார். டாக்டர் அசடு வழிய எழுந்து போவார்.

அக்காவுக்கு அறவே பிடிக்காத வார்த்தை 'சிஸ்டம் பிராப்ளம்'. கவுன்ட்டரில் யாராவது அப்படிச் சொல்லி ஒரு நோயாளியைத் திருப்பி அனுப்பினால் பொல்லாத கோபம் வரும். "சிஸ்டம் தானாவா பிராப்ளம் பண்ணும்? நம்மள்ல யாரோ பண்ணியிருக்கோம். யாருன்னு பார்த்து, அதைச் சொல்லுங்க," என்று பிடிபிடியென்று பிடித்துவிடுவார்.

இப்படிப்பட்டவரின் அறைக்கு ஒரு நாள் காலை வார்டின் பெரிய சிஸ்டர் வந்தார். பின்னால் ஓர் ஆள், கட்டடம் கட்டும் இடத்தில் கிரேன் ஓட்டுபவர். அகலமான தோள், கையில் மடித்த தொப்பி, வலது கண்ணில் புரை.

"அக்கா, இவரை உங்க பெட்டி முழுங்கிடுச்சு," என்றார் சிஸ்டர். "பேரைத் தேடினா இருக்காரு. ஆபரேஷன் லிஸ்ட் எடுத்தா மட்டும் இல்ல. இவருக்கு அப்புறம் பதிஞ்சவங்கல்லாம் கட்டைப் பிரிச்சுட்டு வீட்டுக்கே போயாச்சு."

"என் முறை இன்னும் வரலை போலன்னுதான் நானும் இருந்துட்டேன்மா," என்றார் கிரேன்காரர். "ஆனா அடுத்த மாசம் கம்பெனியில கண் சோதனை வருது. அதுல தேறலைன்னா கிரேனை விட்டு இறக்கி கேட்ல உட்கார வச்சுடுவாங்க. கேட் வேலை ஒண்ணும் கேவலம் இல்ல. எனக்கு மேல இருக்கத்தான் பிடிச்சிருக்கு."

பிடித்த நாற்காலி பறிபோவது என்றால் என்னவென்று அக்காவுக்குத் தெரியும். அறையை மேல்மாடியில் ஜன்னலோரம் மாற்றித் தருகிறோம் என்று நிர்வாகம் ஆசையாகச் சொன்னதற்கே ஊரைக் கூட்டியவர் அவர். "உட்காருங்க. உங்களைக் கண்டுபிடிக்காம எந்திரிக்க மாட்டேன்," என்றார்.

வரிசைப்படிதான் ஆரம்பித்தார். கனெக்‌ஷன் நன்றாக இருந்தது. கிரேன்காரரின் பெயரை மட்டும் கேட்டுப் பார்த்தார், வந்தது. புரை முற்றிய நிலை, ஆபரேஷனுக்கு டாக்டரின் சம்மதம், எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் பட்டியல் போடும் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் மட்டும் ஆள் காணாமல் போனார். ஆக, கோளாறு அதற்குள்ளேதான். அதைத் திறந்தார். கடைசியாகத் திருத்தியவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரே இருந்தது.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. திருத்தியது நினைவுக்கு வந்தது. பட்டியலில் நோயாளியின் பெயருக்குப் பக்கத்தில் துணைக்கு வந்தவர் பெயரும் வேண்டும் என்று வார்டில் கேட்டிருந்தார்கள். நோயாளிகள் ஓர் அட்டவணை, துணைக்கு வந்தவர்கள் இன்னோர் அட்டவணை. இரண்டையும் சேர்த்துக் கொடு என்று எழுதியிருந்தார். அப்படிச் சேர்த்தால் இரண்டிலும் இருப்பவர்கள் மட்டும்தான் வருவார்கள். தப்பு நடந்தது என்று எந்த எச்சரிக்கையும் வராது. பட்டியல் அழகாக, நிறைவாகவே இருக்கும். ஆள்தான் சத்தமில்லாமல் விழுந்துவிடுவார்.

"உங்ககூட யாரு வந்தா?" என்று கேட்டார் அக்கா.

"யாருமில்லம்மா. கவுன்ட்டர்ல பக்கத்து வீட்டுக்காரர் பேரையாவது சொல்லுங்கன்னாங்க. வராதவர் பேரை எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

தனியாக வருபவர்களுக்கும் இந்த ஆஸ்பத்திரியில் தடை ஏதும் கிடையாது. ஓர் இரவு வார்டிலேயே வைத்திருந்து அனுப்புவார்கள். பெரும்பாலோர் யாராவது ஒருவர் பெயரைச் சொல்லிவைத்ததால் தப்பித்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னவர்தான் மாட்டிக்கொண்டார். அக்கா அந்த வரியைத் திருத்தினார்: நோயாளிகள் எல்லோரையும் கொடு, துணை இருந்தால் பக்கத்தில் போடு, இல்லாவிட்டால் காலியாக விடு. மாற்றியது ஒரே ஒரு சொல். மறுபடி கூப்பிட்டதும் கிரேன்காரர் பட்டியலின் தலையிலேயே வந்து நின்றார். அவருக்குக் கீழே இன்னும் சிலர், எல்லோருமே பக்கத்துக் கட்டம் காலியாக இருப்பவர்கள். அந்தக் காலிக் கட்டங்களை அக்கா ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார்.

சிஸ்டர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இரக்கப்பட்டார். "விடுங்கக்கா. சிஸ்டம் பிராப்ளம்னு சொல்லிடறேன்."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த வார்த்தை அக்காவுக்குத் தேனாக இனித்தது. பூசி மெழுகிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. பிறகு நாற்காலியைத் திருப்பிக் கிரேன்காரரின் எதிரே உட்கார்ந்தார்.

"சிஸ்டம் இல்லங்க, நான்தான். இந்த லிஸ்ட்டை எழுதினது நான். எல்லாருக்கும் கூட ஒருத்தர் வருவாங்கன்னு நினைச்சு எழுதிட்டேன். மன்னிச்சுக்குங்க."

கிரேன்காரர் தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "மேல உட்கார்ந்தா நேர் கீழ நிக்கிற ஆள் கண்ணுக்குப் படமாட்டாரும்மா. அது எனக்குத் தெரியும். அதனாலதான் கீழ ஒருத்தரை நிறுத்திக் கை காட்டச் சொல்றோம். நீங்களும் யாரையாவது நிறுத்துங்க." கொஞ்சம் யோசித்து, "ஆபரேஷன் எப்பம்மா?" என்றார்.

"நாளைக்குக் காலையில முதல் ஆளே நீங்கதான்," என்றார் சிஸ்டர்.

விட்டுப்போன மற்றவர்களையும் அக்காவே போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். ஒருவர் திட்டினார், வாங்கிக்கொண்டார். கிரேன்காரரின் கண் நன்றாக ஆறிவிட்டது. சோதனையில் தேறினாரா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கு ஒரு நாள் அவரே போன் செய்தார். பின்னணியில் காற்று இரைந்தது. "மேலயிருந்துதான்மா பேசறேன். டீ நேரம்," என்றார். அன்று முழுவதும் அக்கா சிரித்த முகமாக இருந்தார்.

அன்று சாயங்காலம், கிரேன்காரர் முன்பு சொன்னபடி கை காட்டும் ஆளை நிறுத்தினார்: எந்தத் திருத்தம் செய்தாலும் தானாக ஓடும் ஒரு சோதனை. அதற்குத் துணையே இல்லாத ஒரு பொய் நோயாளி வேண்டும். பழைய சோதனையை எப்படிச் செய்தோம், இது ஏன் அன்றைக்கே தெரியவில்லை என்று தேடிப் பார்த்தார். நோயாளி என்று தன் பெயரையே போட்டிருந்தார். துணைக்கு வந்தவர் கட்டத்தில் அண்ணியின் பெயர் இருந்தது. பாங்க், இன்சூரன்ஸ், வாடகை வீடு, எங்கே அந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் விரல்கள் தாமாக அதைத்தான் அடிக்கும். தனியாக வாழ்கிறேன் என்று இத்தனை காலம் மார்தட்டியவருக்கு, காலியாக விடுவது எப்படி இருக்கும் என்றே தெரிந்திருக்கவில்லை. அந்தப் பெயரை அழிக்கப் போனார், மனம் வரவில்லை. வேறொரு பொய் நோயாளியை உண்டாக்கிவிட்டு, அண்ணிக்குப் போன் போட்டார்.

"என்னடி, அதிசயமா நீயே கூப்பிடறே? உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல அண்ணி. எங்கே துணைன்னு கேட்டாலும் உங்க பேரைத்தான் எழுதிட்டிருக்கேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டதே இல்ல."

"இதைக் கேக்கவா போன் பண்ணினே?" அண்ணி சிரித்தார். "நான் மட்டும் யாரு பேரை எழுதறேனாம்? உங்க அண்ணன் பேரையா? அவரைத் துணைக்குக் கூட்டிட்டுப் போனா, அவரு தூங்கிட்டா எழுப்ப இன்னொரு ஆள் வேணும். எல்லாத்துலயும் உன் பேருதான்டி."