அரிசி குக்கரோடு வந்த டிஸ்க் டிரைவ்

பழைய சாமான் வாங்குகிறவனுக்குப் பழசெல்லாம் ஞாபகம் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். எனக்கு அந்த டிஸ்க் டிரைவின் நிறம் ஞாபகம் இருந்தது, அது போடும் சத்தம் ஞாபகம் இருந்தது. அதற்கு நான் செய்த காரியம் மட்டும் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

ஷார்ஜாவில் எங்கள் பில்டிங்குக்கு நாலு தெரு தள்ளி ஒரு ஆள் பழைய ஜப்பான் விளையாட்டுப் பெட்டிகளை ரிப்பேர் செய்து ஆன்லைனில் விற்கிறார். அவர் போட்ட படத்தில் அரக்குச் சிவப்பும் கறுப்புமாக அந்த டிரைவ் இருந்தது. விளையாட்டுப் பெட்டிக்கு அடியில் வைக்க வேண்டிய சாமான், மஞ்சள் டிஸ்கை வாயில் வைத்தால் விழுங்கும். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. ஐம்பதை நெருங்குகிற ஆம்பளை, ஆபீஸில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்காகக் கண் கலங்கினேன். அன்று சாயங்காலமே போய் விளையாட்டுப் பெட்டியோடு சேர்த்து வாங்கி வந்து, சோபாவில் வைத்துப் படம் எடுத்து, குடும்ப வாட்ஸப் குரூப்பில் பெருமையாகப் போட்டேன்.

லாத்தாவிடமிருந்து உடனே பதில் வந்தது. லாத்தா என்றால் என் அக்கா, சென்னையில் இருக்கிறாள்; உம்மா, அதாவது அம்மா, என்னோடு. 'டிஸ்க் என்கிட்டதான் இருக்கு. உம்மாவைப் பாக்க அடுத்த வாரம் வர்றேன்ல, கொண்டு வர்றேன்.'

அதைப் படித்த பிறகுதான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது.

அப்போது நாங்கள் மஸ்கட்டில், ரூவியில் இருந்தோம். வாப்பாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, கீழே வாட்ச் கடை, மேலே எங்கள் வீடு. அதே பில்டிங்கில் இருந்த ஒரு ஜப்பான் இன்ஜினியர் வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பினார். கிளம்புகிறவர்கள் வீட்டுச் சாமானை அக்கம்பக்கத்தில் தள்ளிவிட்டுப் போவதுதான் வளைகுடாவில் வழக்கம். வாப்பா போனது அரிசி குக்கர் வாங்க. குக்கரோடு ஒரு சின்ன டிவியும், இந்த விளையாட்டுப் பெட்டியும், அதற்கு அடியில் வைக்கும் டிரைவும், ஒரே ஒரு டிஸ்கும் சேர்ந்து வந்தன. எல்லாம் ஜப்பான் கரண்டுக்குச் செய்தவை, எங்கள் சுவரில் வருவதோ அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அதனால் வோல்டேஜைக் குறைக்க ஒரு இரும்பு டிரான்ஸ்ஃபார்மரும் கூடவே வந்தது. தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுதான், குக்கரையும் விளையாட்டையும் சேர்த்துத் தாங்காது. அதனால் எங்கள் வீட்டில் சோறு வெந்தால் விளையாட்டு இல்லை, விளையாட்டு ஓடினால் சோறு இல்லை. உம்மா அடுப்படியிலிருந்து வந்து, சலாமும் சொல்லாமல் எங்கள் பிளக்கைப் பிடுங்கிக் குக்கர் பிளக்கைச் செருகுவார். நாங்கள் கத்துவோம். 'ராட்சசனைக் கொன்னா பசி அடங்குமா?' என்று கேட்டுவிட்டுப் போவார்.

விளையாட்டு முழுக்க ஜப்பான் எழுத்து. ஒரு மண்ணும் புரியாது. பாதியில் நின்று திரையில் ஏதோ எழுதிக் காட்டும், டிஸ்கை எடுத்துத் திருப்பிப் போட வேண்டும் என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. போட்டதும் டிரைவ் கரகரவென்று இழுக்கும், சளி பிடித்தவர் தொண்டையைச் செருமுகிற மாதிரி. அப்புறம் ஒரு காடு, அதில் ஒரு குட்டி வீரன், ஒன்பது கோட்டைகள்.

லாத்தாதான் ஆட்டக்காரி. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே போ, இங்கே போ என்று தப்பாக வழி சொல்கிறவன். ஆட்டத்தை டிஸ்கிலேயே சேமித்து வைக்கலாம். சேமிக்கும் இடத்தில் பெயர் கேட்டது. லாத்தா பெட்டி மாதிரி ஒரு எழுத்தும் ஏணி மாதிரி ஒரு எழுத்தும் பார்த்து, அழகாக இருக்கிறது என்று அதையே தன் பெயராக வைத்துக்கொண்டாள். இரண்டு வருஷம் ஆடினாள். எட்டுக் கோட்டைகளை முடித்தாள்.

அந்தச் சமயத்தில் அவளை ஊருக்கு அனுப்பிப் படிக்க வைப்பதென்று வாப்பா முடிவு செய்தார். பொம்பளப் பிள்ளை, ஊர் ஸ்கூல், மாமி வீட்டில் இருந்துகொள்ளட்டும் என்றார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. ஏர்போர்ட் போகும் காரில் அவள் அழவில்லை. என் காதருகே குனிந்து, 'கடைசிக் கோட்டை மட்டுந்தான் பாக்கி. லீவுக்கு வந்து நான்தான் முடிப்பேன். என் ஆட்டத்தைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்' என்றாள்.

நான் பதினோரு நாள் தொடவில்லை. அந்தக் கணக்கில் மட்டும் நான் உத்தமன்.

அவள் ஆட்டத்தைத் திறந்து, அவள் சேர்த்து வைத்த வாளையும் கேடயத்தையும் வைத்துக்கொண்டு, இரண்டே மாதத்தில் கடைசிக் கோட்டையை முடித்தேன். முடிந்ததும் திரையில் ஜப்பான் எழுத்துகள் மேலே ஏறிக்கொண்டே இருந்தன, அழகான பாட்டு ஒன்று வந்தது. நான் சோபாவில் குதித்தேன். ஆட்டம் தானே சேமித்துக்கொண்டது. அடுத்த முறை திறந்தபோது லாத்தாவின் பெட்டிக்கும் ஏணிக்கும் பக்கத்தில் ஒரு குட்டி மகுடம் உட்கார்ந்திருந்தது. அதை எடுக்க வழியே இல்லை. அழித்தால் அவளுடைய இரண்டு வருஷமும் போய்விடும். விட்டால் மகுடம் என்னைக் காட்டிக்கொடுக்கும்.

லாத்தா லீவுக்கு வர இரண்டு நாள் இருந்தது. பிற்பகல், அஸர் நேரம், வாப்பா கடையில், உம்மா தொழுகையில். மெஷினே ஓடாவிட்டால் மகுடத்தை யார் பார்ப்பார்கள் என்று தோன்றியது. டிஸ்கை வெளியே எடுத்து வைத்தேன், அந்த மட்டும் புத்தி இருந்தது. டிரைவின் பிளக்கை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பிடுங்கி நேராகச் சுவரில் செருகினேன். கொஞ்ச நேரத்தில் ரப்பர் எரிகிற நாற்றம் வந்தது, அப்புறம் புகை. பிளக்கை அப்படியே விட்டுவிட்டு அறைக்குப் போய்க் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

வாப்பா வந்து பார்த்தார். பிளக் சுவரில் இருந்தது. தினமும் பிளக்கைப் பிடுங்குகிறவர் வீட்டில் ஒருவர்தான்.

'நான் தொடவே இல்லையே' என்றார் உம்மா.

'நீ தொடாம ஜின் வந்தா தொட்டுச்சு?'

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

லாத்தா வந்தாள். செத்துப்போன டிரைவைப் பார்த்து ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை, உம்மாவோடு ஒரு வாரம் பேசவில்லை. ஊர் திரும்பும்போது டிஸ்கை மட்டும் பாவாடைக்குள் சுற்றி எடுத்துப்போனாள்.

உம்மா முதலில் மறுத்தார். அப்புறம், 'சோறு வைக்கிற அவசரத்துல மாத்திச் செருகிட்டேனோ என்னமோ' என்றார். அப்புறம் என்னமோவும் போய்விட்டது. எங்கள் குடும்பத்தில் கல்யாண வீட்டில் பல்பு அணைந்தாலும், 'உம்மா எந்தப் பக்கம் போனாங்க?' என்று கேட்டுச் சிரிப்பார்கள். உம்மாவும் சிரிப்பார். மிக்சி, வாஷிங் மெஷின் எதையும் தொடமாட்டார். போன் சார்ஜரைக்கூட என்னிடம் நீட்டி, 'நீயே போட்டுக் குடு, என் கை ராசி தெரியும்ல' என்பார். நானும் போட்டுக் கொடுத்தேன், இத்தனை வருஷமாக. வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு உம்மா என்னோடு ஷார்ஜாவுக்கு வந்துவிட்டார், அதனால் தினமும் போட்டுக் கொடுத்தேன். இதை எழுதும்போது என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

லாத்தா சொன்னபடி வந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை பிரியாணிக்குப் பிறகு, டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, பெட்டியையும் டிரைவையும் டிவியோடு இணைத்தேன். கைப்பையிலிருந்து டிஸ்கை எடுத்தாள். இந்த முப்பத்துச் சொச்ச வருஷத்தில் ஈரம் தின்றிருக்கும், பூஞ்சை பிடித்திருக்கும் என்று வேண்டிக்கொண்டே செருகினேன். கரகரவென்று இழுத்தது. திரையில் எர்ரர் என்று ஒரு எண்ணோடு வந்தது.

'போச்சு' என்றேன். குரலில் இருந்த சந்தோஷத்தை என்னால் மறைக்க முடியவில்லை.

'டாடி, திஸ் இஸ் லோடிங் ஆர் டெட்?' என்றாள் என் மகள்.

லாத்தா டிஸ்கை வெளியே எடுத்துத் துப்பட்டாவால் உறையைத் துடைத்து மறுபடி செருகினாள். இந்த முறை காடு வந்தது. பெட்டியும் ஏணியும் வந்தன. பக்கத்தில் மகுடமும் வந்தது.

லாத்தா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். 'முடிச்சிருக்கே' என்றாள்.

நான் கீழே கிடந்த வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

'முடிச்சுட்டு, நான் பாத்துருவேன்னு...' என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் விசாரணை தேவைப்படவில்லை. சோபாவின் அந்தக் கோடியில் உம்மா தஸ்பீஹ் மணிகளை உருட்டியபடி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாத்தா குரலைத் தாழ்த்தினாள். 'ஆட்டத்த விடு. நான் அவங்களோட ஒரு வாரம் பேசல தம்பி. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?'

உம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்தேன். சொன்னேன். மகுடம், பிளக், புகை, கணக்குப் புத்தகம், எதையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது மூக்கு ஒழுகியது.

உம்மா தஸ்பீஹை மடியில் வைத்தார். சிரித்தார்.

'பாத்தியாடி?' என்றார் லாத்தாவிடம். 'எனக்காக எப்படிப் பழியைத் தன் தலையில போட்டுக்குறான் பாரு. அவன் அன்னிக்கு உள்ள கணக்குப் போட்டுக்கிட்டுல்ல இருந்தான், நான்தான் பாத்தேனே. எரிச்சது நான், எனக்குத் தெரியாதா? அதுக்கு நீ என்கூடப் பேசாம இருந்தே.'

லாத்தாவின் முகம் சுருங்கிப்போனது.

'உம்மா, சத்தியமா நான்தான்' என்றேன்.

'சத்தியமெல்லாம் பண்ணாதே, குத்தம்' என்றார். என் தலையைத் தடவி, துப்பட்டா நுனியால் என் மூக்கைத் துடைத்துவிட்டார். 'சரி, நம்பிட்டேன். எந்திரி.'