வழவழப்புக் கேட்ட மில் முதலாளி

மிளகாய் கருகும் நெடி... நினைத்தாலே இப்போதும் எனக்குத் தும்மல் வரும்.

மாத்தளை டவுனில் ஒரு வெல்டிங் கடையில் வேலை பார்த்த காலம். இரத்தோட்டைப் பக்கத்து மிளகாய் மில்லில், உள்ளே சுழன்று மிளகாயை அடிக்கிற இரும்புத் தகடுகள் தேய்ந்தால் எங்களிடம்தான் வரும். எவ்வளவு கழுவினாலும் தூள் ஒட்டியிருக்கும். வெல்டிங் ரொட்டை வைத்ததும் கடை முழுக்க இருமல்!

தகட்டு விளிம்பில், அதற்கென்றே உள்ள ரொட்டால் லேசில் தேயாத பூச்சு ஒன்றை மெல்லிசாகப் போடுவோம். பார்க்கக் கரடுமுரடாக, மயிரிழை வெடிப்போடுதான் இருக்கும். அந்த ரொட்டின் குணமே அப்படி. ஆனால் அரத்தால் ராவிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். அவ்வளவு உறுதி.

மில் முதலாளி வந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னப்பா இது, சொறி புடிச்ச மாதிரி? கிரைண்டர் புடிச்சு வழவழன்னு குடு."

"கிரைண்டர் புடிச்சா பூச்சே போயிருங்க மொதலாளி..."

எங்கள் பாஸ் என்னை முறைத்தார். "கேட்டதச் செஞ்சு குடுடா!"

செய்தேன்... இந்தக் கையால்தான். தகடு பளபளவென்று மின்னியது. முதலாளிக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

இரண்டே வாரம். மிளகாய்த்தூளில் காந்தத்தை வைத்தால் கறுப்பாக இரும்புத்தூள் ஒட்டியதாம். கழற்றிய தகடுகளோடு முதலாளி வந்தார். மில்லில் மிளகாய் கொட்டுகிற புஷ்பம் அக்காவையும் கூடவே இழுத்து வந்திருந்தார். எல்கடுவையிலிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்கு வருகிறவர் அவர்.

"இவ ஆணி கெடந்த மூட்டையப் பாக்காம கொட்டியிருக்கா!"

"சாமி சத்தியமா பொறுக்கித்தாங்க கொட்டுனேன்." அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சொல்லுங்க. ஆணி பட்டா இப்படியா தேயும்?"

தேயாது. ஆணி பட்டால் பள்ளம் விழும். இதுவோ ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. அரம் வைத்தேன், லேசாகக் கடித்தது. பூச்சே இல்லை. பாஸ் தொண்டையைச் செருமினார்.

நான் வாயே திறக்கவில்லை. அன்றோடு அக்காவுக்கு வேலை போனது.

எத்தனை வருஷமானாலும் ஆத்திரம் தீரவில்லை. அந்த முதலாளி மேல், பாஸ் மேல்... எல்லாரையும் விட என் மேல்.

இப்போது அலுவிகாரையில் எனக்கே சொந்தக் கடை. ரொட் மாறிவிட்டது, மெஷின் மாறிவிட்டது. கஸ்டமர் மட்டும் அப்படியே இருக்கிறார்! நேற்றும் ஒருவர், பூச்சுப் போட்டு வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய தகட்டின் போட்டோவைப் பார்த்துவிட்டு போன் எடுத்தார்.

"அண்ணே, வெடிப்பா இருக்கே... கொஞ்சம் பொலிஷ் பண்ணித் தாங்களேன்."

"முடியாது! அழகு பாக்கணும்னா வேற கடைக்குக் கொண்டு போங்க!" என்று கத்திவிட்டேன். பாவம், அந்த மனிதர் பதறிப்போய் போனை வைத்துவிட்டார்.

இவ்வளவு சத்தம் போடத் தெரிந்த இதே வாய்தான்... அன்றைக்குப் புஷ்பம் அக்கா கேட்டபோது மூடிக் கிடந்தது.