இல்லாத துகள்

நாலாவதோடு படிப்பை விட்டவன் நான். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் கூவியே கருவடிக்குப்பத்தில் மாடி வீடு கட்டினேன். அந்த மாடியில் ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண் குடியிருந்தார். ஒல்லி உடம்பு, நெற்றியோரம் நரை. வெளிநாட்டில் அணுவைவிடச் சின்னத் துகள்களை மோதவிட்டு எடுத்த விவரங்களை வைத்துக்கொண்டு, புதுத் துகள் ஏதாவது இருக்கிறதா என்று கம்ப்யூட்டரைப் பழக்கித் தேடுவார். அது எதைக் காட்டினாலும் முதலில் "பொய்" என்பார். அப்புறம்தான் சோதிப்பார்.

ஒருநாள் அது புதுத் துகள் ஒன்றைக் காட்டியது. கூட வேலை செய்பவர்கள் போனில் கொண்டாடினார்கள். உறுதியானால் அவருக்கு நிரந்தர வேலை. நான் தெருவுக்கே இனிப்பு கொடுத்தேன். அவரோ வாரக்கணக்கில் குடைந்தார். கம்ப்யூட்டரைப் பழக்குவதற்காக இவர்களே கணக்குப் போட்டு உண்டாக்கிய போலி மோதல்களில் ஒரு பிழை இருந்திருக்கிறது. கம்ப்யூட்டர் அந்தப் பிழையைக் கற்றுக்கொண்டுதான் துகள் என்று காட்டியிருக்கிறது. இதை எல்லோருக்கும் அவரே எழுதிவிட்டார்.

"இன்னாம்மா நீ! கம்முனு இருந்தா யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"இல்லாதத இருக்குன்னு சொன்னா வந்துடுமா ஐயா?"

"நான் கூவுனா வெலையே வரும், தெரியுமா?"

"உங்க கூடையில மீன் இருக்குதே ஐயா" என்று சிரித்தார்.

வேலை வேறு யாருக்கோ போனது. நானாயிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் அவர் காலி செய்த அன்று, குடியிருந்த எவரையும் வாசல் வரைகூட வழியனுப்பாத நான், அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ வரைக்கும் போனேன். ஏன் போனேன் என்று இன்னும் பிடிபடவில்லை.