பதினேழாம் எண் வண்டி நின்ற இடம்

பதினேழாம் எண் பேருந்தை அவள் பதினோரு வருடமாக ஓட்டுகிறாள். பணிமனையில் அவள் பெயரே பதினேழு என்று ஆகிவிட்டது. நடத்துனர்கள் "பதினேழு அக்கா" என்பார்கள், மேலதிகாரிகள் "பதினேழு மேடம்" என்பார்கள். இரண்டும் அவளுக்குப் பிடிக்கும். அதைவிடப் பெருமைப்பட அவளிடம் இன்னொன்று இருந்தது. பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட அவள் பாதி வழியில் இருக்கையை விட்டு எழுந்ததில்லை.

அதற்கு அவள் கண்டுபிடித்த வழி சுலபமானது. விடியற்காலையில் அரை டம்ளர் காப்பி. பிறகு மதியம் ஒரு மணிக்கு வேலை முடியும்வரை ஒரு சொட்டு தொண்டையில் இறங்காது. போகிற பாதையின் இரண்டு முனைகளிலும் கழிவறை உண்டு, இல்லையென்று சொல்லக்கூடாது. ஒன்றின் சாவி காவலாளியிடம் இருக்கும். காவலாளி எங்கே இருப்பார் என்பது யாருக்கும் தெரியாது. இன்னொன்றுக்குள் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போவார்கள். இந்த அல்லாட்டத்துக்குத் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடலாம் என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே முடிவு கட்டிவிட்டாள். இருக்கைக்குப் பக்கத்தில் செருகிய பாட்டில் நிரம்பிப் போய் நிரம்பியே திரும்பும்.

கணவன் நேர் எதிர். சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவன். நாள் முழுக்க ஆவியில் வேகிறவன் தண்ணீர் குடிக்காமல் என்ன செய்வான்? வீட்டுக்கு வந்தும் சொம்பு சொம்பாகக் குடிப்பான், குடித்த வேகத்தில் கழிவறைக்கு ஓடுவான். சினிமாவுக்குப் போனால் அவனுக்கு எப்போதும் ஓரத்து இருக்கைதான்.

"உங்கப்பா ஒரு ஓட்டை வாளிடி. இந்தப் பக்கம் ஊத்தினா அந்தப் பக்கம் போயிடும்," என்பாள் மகளிடம்.

மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஓட்டை வாளியும் கூடச் சேர்ந்து சிரிப்பான். நல்ல மனுஷன்.

மகளுக்கு ஏழு வயது, ஒரே பிள்ளை. பழக்கவழக்கத்தில் அந்தக் குழந்தையைக் குறை சொல்ல ஆளில்லை. வீட்டிலும் பேருந்துக் கால அட்டவணைதான். அம்மா இருட்டிலேயே வேலைக்குக் கிளம்பியிருந்தாலும், ஆறரை மணிக்கு யாரும் எழுப்பாமல் எழுந்து படுக்கையை மடித்து வைப்பாள். இரண்டு நிமிடம் பல் துலக்குவாள். ஒன்றே முக்கால் நிமிடத்தில் அப்பா கதவைத் தட்டினால் கோபித்துக்கொள்வாள். வெளியே போய்வந்தால் முழங்கை வரை கழுவுவாள், ஞாயிறுதோறும் நகம் வெட்டிக்கொள்வாள், இரவு ஒன்பதுக்குத் தானே விளக்கை அணைப்பாள். பக்கத்து வீட்டுக்காரி தன் மகனை இழுத்துவந்து இவளைக் கண்காட்சி மாதிரி காட்டிவிட்டுப் போவாள். பதினேழுக்குத் தலைகால் புரியாது.

அப்பேர்ப்பட்ட பிள்ளைக்குத்தான் நான்கு மாதத்தில் மூன்றாவது முறையாக அடிவயிற்றில் வலி வந்தது. சிறுநீர் போகும்போது எரிகிறது என்று அழுதாள். இந்தத் தடவை காய்ச்சலும் சேர்ந்துகொண்டது.

மருத்துவர் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பொண்ணு தண்ணியே குடிக்கிறதில்லை. ஒண்ணுக்கு வந்தாலும் அடக்கி வச்சுக்கறா. அதனாலதான் கிருமி திரும்பத் திரும்ப வருது. இப்போதைக்கு மருந்து சரி பண்ணிடும். ஆனா பழக்கம் மாறலைன்னா அடுத்த தடவை கிட்னி வரைக்கும் போயிடலாம். அப்புறம் ஆஸ்பத்திரியில சேர்க்கிற மாதிரி ஆயிடும். பகல்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போகணும். மூணு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க."

பதினேழு அன்றைக்கே மீன் படம் போட்ட நீலப் பாட்டில் ஒன்று வாங்கினாள். சுவரில் அட்டவணை ஒட்டினாள். வகுப்பு ஆசிரியையிடம் போய்ச் சொன்னாள். ஆசிரியை தங்கமானவர். "எப்ப வேணும்னாலும் எழுந்து போகட்டும், என்னைக் கேட்கக்கூட வேண்டாம்," என்றார். நீலப் பாட்டிலும் தினமும் காலியாகவே வீடு திரும்பியது. அம்மா தினம் ஒரு நட்சத்திரம் ஒட்டினாள். பத்து நட்சத்திரம் சேர்ந்தது.

வழக்கமாகப் பள்ளி விட்டுக் கொஞ்சம் கழித்துத்தான் மகளை அழைக்கப் போவாள். பதினோராம் நாள் மணி அடிக்கும்போதே போய்விட்டாள். வாசலில் வரிசையாகத் தொட்டிச் செடிகள். அவற்றில் ஒன்று மட்டும் தளதளவென்று வளர்ந்திருந்தது. அதன் வேரில் மகள் நீலப் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

பதினேழு திட்டவில்லை. பக்கத்துப் பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்டாள். "பாத்ரூம் அழுக்கா இருக்காடா கண்ணு?"

"இல்ல."

"யாராவது கேலி பண்றாங்களா?"

"இல்லம்மா. நடுவுல எழுந்து போகக் கூடாது. நீ பதினோரு வருஷமா எழுந்ததே இல்ல. நானும் ஸ்கூல்ல சேர்ந்ததுலேர்ந்து எழுந்ததே இல்ல." சொல்லும்போது அவள் முகத்தில் தெரிந்தது பயமல்ல, பெருமை.

"அது அம்மாவோட வேலைடா."

"எனக்கு ஸ்கூல்தான் வேலைன்னு நீதானே சொன்னே. அப்புறம், நான் ஒண்ணும் ஓட்டை வாளி இல்ல."

பதினேழு வீட்டுக்கு வந்து சமையலறையில் கணவனிடம் சொல்லி அழுதாள். தான் அடித்த கிண்டலும் தானே பேசிய பெருமையும் சேர்ந்து பிள்ளையைப் படுத்திவிட்டதே என்று மனம் ஆறவில்லை. அவன் குத்திக்காட்டவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை அவள் கையில் கொடுத்து, "முதல்ல நீ குடி," என்றான்.

பதினேழு அதை மகளின் கண்ணெதிரே மடமடவென்று குடித்தாள். மகள் அதை மதிக்கவே இல்லை. "வீட்டுல யார் வேணும்னாலும் குடிக்கலாம். வண்டியில குடிப்பியா?"

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. மகளைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியின் முதல் இருக்கையில் உட்காரவைத்தாள். தன் பாட்டிலையும் நீலப் பாட்டிலையும் நிரப்பியிருந்தாள். சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் ஆளுக்கு நாலு மடக்கு என்று பேச்சு. அன்றைக்கென்று எல்லா விளக்கும் சிவப்பாகவே விழுந்தது. நடத்துனன் சின்னப் பையன், வாய் சும்மா இருக்காது. "அக்கா, வண்டிக்கு டீசல் போட்டாச்சு. நீங்க எதுக்கு டேங்கை நிரப்புறீங்க?" என்றான்.

மூன்றாவது நடையில் வினை வந்தது. பழக்கமில்லாத வயிறு. ஒவ்வொரு வேகத்தடையும் அவள் உயிரை வாங்கியது. முனைக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம். கண்ணாடியில் மகளைப் பார்த்தாள். அவளும் கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தாள். பதினேழுக்கு அந்த நடிப்பு தெரியும், தினமும் அவளே நடிப்பதுதான்.

நூலக நிறுத்தம் வந்தது. நூலகத்துக்குப் பின்னால் சுத்தமான பொதுக் கழிவறை உண்டு. பதினோரு வருடமாகக் கடந்துபோன இடம். வண்டியை ஓரம்கட்டி எஞ்சினை அணைத்தாள். எழுந்து நின்று பயணிகளைப் பார்த்தாள். முப்பது, நாற்பது பேர். காது மடல் சூடேறியது.

"ரெண்டு நிமிஷம். பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

பின்னாலிருந்து கைப்பையோடு ஒரு பெரியவர் எழுந்தார். "அம்மா, அப்படின்னா நானும் போயிட்டு வந்துடலாமா? ரொம்ப நேரமாச்சு." அவரைத் தொடர்ந்து கைக்குழந்தைக்காரி ஒருத்தி, கல்லூரிப் பெண்கள் இருவர். நடத்துனன் பயணச்சீட்டுக் கட்டைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஓடினான்.

மகள் அசையவில்லை. பதினேழு போய்விட்டு வந்து இருக்கையில் ஏறினாள். ஐந்து நிமிடம் தாமதம். இறங்கியவர்கள் எல்லாரும் ஏறியாகிவிட்டது. நடத்துனன் விசிலை வாயில் வைத்தான். மகள் வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தாள். யார் முகத்திலும் கோபமில்லை. அந்தப் பெரியவர் கண்ணை மூடிச் சுகமாகச் சாய்ந்திருந்தார்.

"அம்மா," என்றாள் மெதுவாக. "எனக்கும் வருது. ஆனா லேட்டாயிடுச்சே."

பதினேழு சாவியிலிருந்து கையை எடுத்தாள். "போயிட்டு வா கண்ணு. வண்டி நிக்கும்."

நடத்துனன் விசிலை வாயிலிருந்து எடுத்தான். கைக்குழந்தைக்காரி வழிகாட்டக் கூடவே இறங்கினாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மகள் ஓடிவந்து ஏறும்வரை, பதினேழாம் எண் வண்டி நின்றது.

திங்கட்கிழமை நீலப் பாட்டில் காலியாகத் திரும்பியது. பதினேழு ஒருமுறை ஏமாந்தவள், பள்ளி வாசலில் செடியின் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். மண் காய்ந்து கிடந்தது. "இன்னிக்கு மூணு தடவை எழுந்து போனேம்மா. யாரும் ஒண்ணும் சொல்லல," என்றாள் மகள். அடுத்த வாரம் மருத்துவரும் சீட்டைப் பார்த்து, கிருமி இல்லை, இப்படியே இருக்கட்டும் என்று சிரித்தார்.

அன்று வேலை முடிந்து வந்த கணவன் வழக்கம்போல் ஒரு சொம்பு குடித்துவிட்டுக் கழிவறைப் பக்கம் விரைந்தான். கதவு சாத்தியிருந்தது. உள்ளே மகள். கதவுக்கு வெளியே மனைவி, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு.

"வரிசையில நில்லுங்க," என்றாள் பதினேழு.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அப்பா, நாங்களும் ஓட்டை வாளிதான்."