பல்பொடி போட்டுத் தேய்த்த சுவிஸ் காசுகள்

தேவகி மேடம் போய்விட்டார்.

நேற்று காலை, ஒடுகத்தூரில், தம்பி வீட்டில். கிட்னி. செய்தி கேட்டு வாணியம்பாடியிலிருந்து பைக்கில் போனேன், எடுக்கும்வரை கூடவே நின்றேன்... நிற்காமலே இருந்திருக்கலாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஷூ கம்பெனியில் எக்ஸ்போர்ட் டாக்குமென்ட்ஸ் பார்த்தவர். என் எதிர் டேபிள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்தில் பெரும்பகுதி தம்பி குடும்பத்துக்குப் போகும். மிச்சத்தில் சுவிஸ் காசு.

ஆமாம், சுவிட்சர்லாந்து காசு. ஒரு மலை, ஒரு ரயில், ஒரு பாலம் என்று அந்த நாட்டு அரசாங்கம் நினைவுக்காக வெளியிடும் வெள்ளிக் காசுகள். சிலசமயம் தங்கத்திலும் வரும். எங்களிடம் ஷூ வாங்க அங்கிருந்து வந்த பையர் ஒருத்தர் ஒருமுறை ஒரு காசை கிஃப்டாகக் கொடுத்துவிட்டுப் போக, அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அப்புறம் சென்னை டீலர் ஒருவர் மூலம் ஒவ்வொன்றாக வரவழைத்தார்.

எனக்கும் காசுப் பைத்தியம் உண்டு. ஆனால் நான் ஆற்காடு நவாப் காலத்துப் பழங்காசுக் கட்சி. லஞ்ச் டைமில் எங்களுக்குள் சண்டை ஓயாது.

"பிரியாணி கையோட இந்தப் பக்கம் வராதீங்க பாய்" என்பார் முதலில்.

"இன்னாத்துக்கு மேடம் ஊர் பேர் தெரியாத காசெல்லாம்?" என்று நான் சீண்டுவேன்.

"மலையில ஏறுற தபால் பஸ்ஸைக் கூட வெள்ளியில அடிச்சு வெச்சிருக்கான் பாய் அவன். நம்ம ஜமுனாமரத்தூர் பஸ்ஸை எவனாச்சும் காசுல போடுவானா?"

"அதுக்கு மொதல்ல ஒழுங்கா டயர் போடச் சொல்லுங்க மேடம்."

அப்படிச் சிரிப்பார்... மேனேஜர் எட்டிப் பார்ப்பார்.

தங்கக் காசு இரண்டே இரண்டு வைத்திருந்தார். அம்மா அவருக்கென்று விட்டுப்போன வளையலை விற்று வாங்கியவை. வீட்டில் பெரிய ரகளையாம். எனக்கு ஒரே ஒருமுறை காட்டினார். வெள்ளைக் கையுறை போட்டு, விளிம்பை மட்டும் பிடித்து, மூச்சுக்கூடப் படாமல்.

"இது ஒண்ணுதான் பாய் என்னுதுன்னு இருக்குது. இது அப்படியே இருக்கணும்" என்றார்.

காசு சேர்க்காதவர்களுக்கு இது புரியாது. அச்சடித்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தால்தான் அது காசு. விரல் படக்கூடாது, துணி படக்கூடாது. கறுத்தால் கறுத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். தேய்த்தால் தீர்ந்தது.

மேடம் முதல்முறை வேலூரில் அட்மிட் ஆகியிருந்த சமயம் தம்பி மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அவர் பீரோவைத் திறந்திருக்கிறார்கள். டப்பாவை எடுத்திருக்கிறார்கள்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்று பார்க்கப் போனேன். தம்பி மனைவி ஒரு தட்டைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார். வெள்ளிக் காசு அத்தனையும் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே. ஃபங்ஷனில் வரிசைத் தட்டில் வைத்தார்களாம்.

"கறுத்துப் போய்க் கெடந்துச்சு பாய். பல்பொடி போட்டு நானே தேய்ச்சேன். பாருங்க, எப்படி மின்னுதுன்னு."

பக்கத்தில் நின்ற தம்பி மகளின் கழுத்தில் புதுச் சங்கிலி. அதில் இரண்டு தங்கக் காசும் தொங்கின. பத்தரிடம் கொடுத்து வளையம் பற்றவைத்திருந்தார்கள்.

மேடம் என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பக்கத்தில் இழுத்து, சங்கிலியில் தொங்கிய ஒரு காசைக் கையில் எடுத்து, கட்டைவிரலை அதன் முகத்தின் மேல் அழுத்தி வைத்துத் தடவினார்.

"நல்லா இருக்குதுடி" என்றார்.

தம்பி மனைவி உள்ளே போனதும் கேட்டே விட்டேன். "ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா மேடம்?"

"இன்னான்னு கேக்கறது பாய்? இனிமே அவங்க கையாலதான நான் சாப்பிடணும்."

அதற்குப் பிறகு காசைப் பற்றி அவர் பேசவே இல்லை. வாட்ஸ்அப்பில் என் நவாப் காசு போட்டோ அனுப்பினால் கட்டைவிரல் வரும். அவ்வளவுதான்.

தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று யாரும் கமெண்டில் வந்து சமாதானம் சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரியில் அவர் கையில் போன் இருந்தது. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அவருடைய பொருளுக்கு அவரைக் கேட்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை... அதுதான் எனக்கு ஆறவில்லை.

நேற்று குளிப்பாட்டிக் கிடத்தியதும் பெரியவர் ஒருவர் கேட்டார். "நெத்தியில வைக்க ஒரு காசு குடுங்கப்பா."

ஆண்கள் எல்லோரும் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தார்கள். ஒருவரிடமும் சில்லறை இல்லை. எல்லாம் ஜிபே. என்னிடமும் ஒரு ஐநூறு ரூபாய் நோட்டுதான்.

"வூட்லதான் டப்பா டப்பாவா காசு வெச்சிருந்தாங்களே, அதுல ஒண்ணு எடுத்தாங்க" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

சரி, ஒன்றாவது அவரோடு போகட்டும் என்று நினைத்தேன்.

"அது வெள்ளிங்க" என்றார் தம்பி மனைவி, மெதுவாகத்தான். "சுடுகாட்டுல எவனாச்சும் எடுத்துக்குவான்."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பேசியிருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே பயம்.

கடைசியில் பூ மாலை கொண்டுவந்த ஆட்டோக்காரர் வண்டிக்குள் துழாவி ஒரு ரூபாய் எடுத்துக் கொடுத்தார். சந்தனம் வைத்து ஒட்டினார்கள்.

தம்பி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "நம்பர் சொல்லுங்க, ஜிபே பண்ணிட்றேன்."

ஆட்டோக்காரர் வண்டிப் பக்கம் திரும்பினார். "இருக்கட்டும் சார்" என்றார்.

போய் வாருங்கள் மேடம்.