காலியாக வந்த டப்பா

பஸ் டிப்போவில் அவருக்கு ஏழாம் நம்பர் என்றே பெயர். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒரே பஸ்ஸை ஓட்டியதில் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. தங்கமான மனுஷர், சந்தேகமே இல்லை. ஆனால் நாக்குக்கு மட்டும் பிரேக் கிடையாது. பொரிக்கிற வாசனை மூக்கில் ஏறினால் போதும், கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

மனைவி அதற்கு நேர் எதிர். சர்க்கரை வியாதியில் அப்பா ஒரு காலை இழந்ததைக் கண்ணால் பார்த்தவள். விடியுமுன் எழுந்து முளைகட்டிய பயறு, பால்கனித் தொட்டியில் பறித்த கீரை, வறுத்த பூசணி விதை என்று எவர்சில்வர் டப்பாவில் அடைப்பாள். கூடவே ஒரு எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர். காய்த்தோல் தொட்டிக்கே எருவாகப் போகும். கடைக்காரர் பிளாஸ்டிக் பையை நீட்டினால் அவள் முறைக்கிற முறைப்பில் அவரே அதை மடித்து உள்ளே வைத்துக்கொள்வார்.

அந்த டப்பா மதியம் எங்கே போனது தெரியுமா? டிப்போவில் டயர் மாற்றுகிறவரின் வயிற்றுக்குள்!

முதல் நாள் தர்மமாகத்தான் ஆரம்பித்தது. டயர்க்காரருக்கு வயிற்றுப் புண், கடைச் சாப்பாடு ஆகாது. "நீங்க சாப்பிடுங்க, நான் வெளியில பாத்துக்கறேன்" என்று டப்பாவைத் தள்ளிவிட்டார். மறுநாள் அதுவே வசதியாகப் போயிற்று. அப்படியே ஒன்பது வருஷம். இவர் கடைசி ஸ்டாப் கடையில் பொரித்த கோழியும் ஒரு பாட்டில் கலர் சோடாவும் அடிப்பார். காலி பாட்டிலைக் காலால் நசுக்கிக் குப்பைத்தொட்டியின் அடியில் திணிப்பார், மனைவி வந்து கிளறப்போகிறாள் என்பதுபோல. அவள் கொடுத்த தண்ணீரில் பஸ் கண்ணாடியைக் கழுவுவார்.

சாயங்காலம் அவள் டப்பாவைத் திறப்பாள். துளி மிச்சமிருக்காது. முகமெல்லாம் சிரிப்பாக, "எப்படி இருந்துச்சு?" என்பாள்.

இந்தப் பரீட்சைக்கு இவர் டிப்போவிலேயே டயர்க்காரரிடம் கேட்டுப் படித்துக்கொண்டு வருவார்.

"இன்னிக்கு என்னய்யா இருந்துச்சு?"

"பீன்ஸும் பயறும். காரம்தான் தூக்கல், வயிறு எரியுது. அக்காகிட்ட கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து, "பிரமாதம் போ! காரம் மட்டும் ஒரு சிட்டிகை குறைச்சுக்கோ" என்பார். அவளும் குறைப்பாள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

போன வருஷம் ஒரு நாள் ஓட்டும்போதே நெஞ்சு அடைத்தது. அப்போதும் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க, மனைவி ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். டாக்டர் ரிப்போர்ட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதையெல்லாம் சாப்பிட்டா இவ்வளவு கொழுப்பு எப்படிம்மா வரும்?"

கட்டிலில் கிடந்தவருக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் கண்ணை மூடித் தூங்குகிறவர்போல் கிடந்தார்.

வீடு திரும்பியதும் அவள் செய்த முதல் காரியம், தன் பேச்சைக் கேட்டுச் சமைத்துவந்த மூன்று டிரைவர் வீட்டுப் பெண்களுக்கும் போன் போட்டதுதான். "நான் சொன்னதையெல்லாம் விட்டுடுங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. அவரை நானே படுக்க வச்சுட்டேன்." கீரைத் தொட்டி காய்ந்தது. நோயாளிச் சாப்பாடு வெளியிலிருந்து பிளாஸ்டிக் தட்டில் வர, காலித் தட்டுகள் ஜன்னல் உயரத்துக்குக் குவிந்தன. அவர் அவற்றை எண்ணிக்கொண்டே படுத்திருந்தார்.

ஒரு நாள் அவள் அந்த எவர்சில்வர் டப்பாவைப் பழைய சாமானோடு போடப்போனாள். அவருக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அதைப் போடாத. உன் சமையல்ல ஒரு தப்பும் இல்ல. ஒன்பது வருஷமா அதை நான் சாப்பிடவே இல்ல. டயர்க்காரருக்குக் குடுத்துட்டேன்."

கத்துவாள், டப்பாவைத் தூக்கி எறிவாள் என்று பார்த்தார். அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்போ காரம் குறைக்கச் சொன்னது?"

"அவருக்கு வயித்துப் புண்ணு."

"பூசணி விதை நல்லாருக்குன்னு சொன்னது?"

"அதுவும் அவருதான்."

"நீங்களா ஒண்ணுமே சொல்லலியா?"

பாவி மனுஷர், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

மறுநாள் தொட்டிக்குத் தண்ணீர் விட்டாள். மூன்று வீட்டுக்கும் மறுபடி போன் போட்டாள். இப்போது அவருக்கு வண்டி ஓட்டும் வேலை இல்லை. டிப்போவில் பயணிகள் தொலைத்த குடை, பைகளுக்கு நடுவே உட்கார்த்திவிட்டார்கள். வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலையில் அவர் கையில் இரண்டு டப்பா கொடுத்தாள். காரம் குறைந்தது டயர்க்காரருக்கு.

மதியம் தன் டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைத்தார். ஐயோ, என்ன ருசி! இதையா இத்தனை வருஷம் மேஜைக்கு அந்தப் பக்கம் தள்ளினோம் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. ஒரு பயறு விடாமல் வழித்துச் சாப்பிட்டார்.

சாயங்காலம் டப்பாவைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, சமையலறை வாசலில் நின்றார். இன்றைக்கு யாரிடமும் கேட்டுப் படித்துக்கொண்டு வரவில்லை. பதில் சொந்தமாக நாக்கு நுனியில் இருந்தது.

அவள் அவரைத் தாண்டிப் போய்ப் போனை எடுத்தாள்.

"தம்பி, இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று டயர்க்காரரைக் கேட்டாள்.